ஒரே குக்கர்... இரண்டு விசில்... ஏழு காய்! வாரநாள் இரவுக்கு ஒரு சிக்கன் ஸ்டூ | வாரநாள் அடுப்பு

மாலை ஆறரை மணிக்கு அண்ணாமலை நகருக்குள் வந்தால், பசி இல்லாதவருக்கும் பசிக்கும். பரோட்டாக் கல்லில் எண்ணெய் காயும் வாசனை, பக்கத்து அடுப்பில் சால்னா கொதிக்கும் வாசனை, கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. படிக்க வந்த பிள்ளைகள், வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள், ராஜா முத்தையா பெயரில் தொடங்கி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கும் இடத்தில் ஷிஃப்ட் முடித்து வரும் செவிலியர்கள், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் என, சொந்த வீட்டுச் சமையலறையைவிட்டுத் தள்ளியிருப்பவர்கள் இங்கே அதிகம். அவர்களின் இரவுச் சாப்பாட்டைப் பெரும்பாலும் தெருமுனைதான் முடிவுசெய்கிறது.

பரோட்டா மேல் நமக்கு எந்தப் பகையும் இல்லை பாஸ்! வாரத்தில் ஒரு நாள் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று அதுவே தொடரும்போதுதான் பிரச்னை. அந்தத் தட்டில் காய் எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். ஓரத்தில் வைத்த நான்கு வெங்காயத் துண்டுதான் காய்!

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருடைய தட்டில் சுமார் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இருக்க வேண்டும் என்கிறது அது. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ஒரு கரண்டிப் பொரியல் என்று ஓடும் நாளில் 400 கிராமின் பெரும்பகுதி இரவுக்குத்தான் மிச்சம் இருக்கும். அந்த இரவிலும் காய் இல்லையென்றால், நாளே காயில்லாமல் முடிந்துவிடும்.

எனவே, இந்த வார 'வாரநாள் அடுப்பு' ஒரே பாத்திரத்தில் முடியும் சிக்கன் - காய்கறி ஸ்டூ. பெயரில் சிக்கன் முன்னால் நின்றாலும், இதில் ஹீரோ காய்தான்.

சமைக்க வைக்காமல் தடுப்பது எது?

'இரவில் ஏன் வீட்டில் சமைப்பதில்லை?' என்று கேட்டால் பலரும் 'நேரமில்லை' என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் இன்னொரு காரணம் வெளியே வரும். பாத்திரம்! சாதத்துக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒரு கடாய், தாளிக்க ஒரு கரண்டி, அரைத்த மிக்ஸி ஜார். சாப்பிட்டு முடித்து எழுந்தால் சிங்க் நிறைய வேலை காத்திருக்கும். சமைத்த களைப்பைவிட, கழுவ வேண்டுமே என்ற நினைப்புதான் மறுநாள் அடுப்புப் பக்கம் போகவிடாமல் செய்கிறது.

குடும்பமாக இருக்கும் வீடுகளில் இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதற்கு எண்ணைத் தருகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண், அந்த ஆண்டில் நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழித்தார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். இதில் 'ஈடுபடும்' என்ற வார்த்தையை கவனியுங்கள். பெண்களில் 81 சதவிகிதத்தினர் அந்த வேலைகளில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26 சதவிகிதத்தினர்தான்.

இதை ஒரு ஸ்டூ சரிசெய்துவிடும் என்று கதைவிட மாட்டேன். ஆனால், ஒரே குக்கர், ஒரே கத்தி, ஒரே பலகை என்று வேலை சுருங்கும்போது அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டுக்கு முதலில் வருபவர் அடுப்பைப் பற்றவைக்கலாம். அடுத்து வருபவர் காய் நறுக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பட்டாணி உரிக்கலாம். 'நீ சமைச்சா நான் கழுவறேன்' என்று சொல்வதும் சுலபம். கழுவ வேண்டியது ஒரு குக்கர்தானே!

இந்த ஊருக்குப் புதிதல்ல!

'ஸ்டூ' என்ற பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. கேரளத்தில் அது 'இஷ்டு' ஆகி ஆப்பத்துக்கு ஜோடியாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்துச் செய்யும் சொதி, மறுவீட்டு விருந்தின் மரியாதை.

சிதம்பரத்துக்கும் ஒரு பாத்திரத்துக் காய்ச் சமையல் நன்றாகவே தெரியும். மார்கழித் திருவாதிரைக்கு வீடுகளில் களி கிண்டுவார்கள். சேந்தனார் படைத்த களியை நடராஜர் ஏற்றுக்கொண்ட கதையை இந்த ஊரில் குழந்தைகளும் சொல்வார்கள். அந்தக் களிக்குத் துணையாக வருவது ஏழுகறிக் கூட்டு. பரங்கி, பூசணி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை என்று வீட்டுக்கு வீடு பட்டியல் கொஞ்சம் மாறும். எப்படி மாறினாலும் ஏழும் ஒரே பாத்திரத்தில்தான் சேரும்.

அந்தக் கூட்டுக்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை. நாம் எடுத்துக்கொள்வது அதன் கணக்கை மட்டும்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகப் பல காய். வேக நேரமாகும் காய் முதலில், சீக்கிரம் வேகும் காய் கடைசியில். ஏழு வகை என்றதும் பர்ஸைத் தொட்டுப்பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 கிராம்தான் தேவை. ஃப்ரிட்ஜில் கிடக்கும் பாதி சௌசௌவுக்கும், மிச்சமான கால் முட்டைகோஸுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

என்னென்ன வேண்டும்? (மூன்று பேருக்கு)

சிக்கன் (எலும்புடன், தோல் நீக்கியது): 400 கிராம்

கேரட், பீன்ஸ், சௌசௌ, பரங்கிக்காய்: தலா 100 கிராம்

பச்சைப் பட்டாணி, முட்டைகோஸ்: தலா 50 கிராம்

முருங்கைக்கீரை: உருவியது இரண்டு கைப்பிடி (சுமார் 50 கிராம்)

பாசிப்பருப்பு: 2 டேபிள்ஸ்பூன்

பெரிய வெங்காயம்: 2

இஞ்சி: ஒரு அங்குலத் துண்டு

பூண்டு: 6 பல்

பச்சை மிளகாய்: 3

பட்டை: சிறு துண்டு, கிராம்பு: 3, ஏலக்காய்: 2

மிளகு: 1 டீஸ்பூன் (ஒன்றிரண்டாகத் தட்டியது)

கெட்டித் தேங்காய்ப்பால்: 100 மி.லி

எண்ணெய்: 1 டேபிள்ஸ்பூன்

உப்பு: தலைதட்டி 1 டீஸ்பூன்

கறிவேப்பிலை: 2 ஆர்க்கு

கோழிக்கடையில் 'தோல் எடுத்து, லெக் பீஸா, குழம்புக்கு வெட்டுற மாதிரி சின்னதா போடுங்கண்ணே' என்று கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவுதான். ஆனால், பிரஷரில் அது சீக்கிரம் வறண்டு நார் நாராகிவிடும். கால், தொடைப் பகுதியில் இருக்கும் சவ்வு வேகும்போது கரைந்து குழம்புக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கும். எலும்பும் சேர்ந்தால் தனியாக ஸ்டாக், சூப் கட்டி எதுவும் தேவையில்லை.

தேங்காய்ப்பால் எடுக்கப் பொறுமையில்லையா? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கைவசம் இன்னொரு வழி இருக்கிறது. பண்ருட்டி முந்திரி! பத்து முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் போதும். தேங்காய்ப்பால், முந்திரி இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தால் அது கல்யாண வீட்டுக் குருமா ஆகிவிடும்.

எப்படிச் செய்வது?

'இருபது நிமிடத்தில் ரெடி' என்று தலைப்பு வைத்தால் கிளிக் எகிறும். ஆனால், அது உண்மையில்லை. கடைப் பையை மேடையில் வைப்பதிலிருந்து தட்டில் பரிமாறுவது வரை இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதில் நீங்கள் அடுப்பு முன்னால் நிற்பது பாதி நேரம்கூட இல்லை.

முதல் ஐந்து நிமிடம்: பாசிப்பருப்பைக் கழுவி ஊறவையுங்கள். வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்குங்கள். இஞ்சி, பூண்டைத் தட்டிவைத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாயைக் கீறிக்கொள்ளுங்கள். மற்ற காய்களை இப்போது தொடவே வேண்டாம்.

அடுத்த ஏழு நிமிடம்: ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய் போடுங்கள். பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை சேர்த்து, வெங்காயம் கண்ணாடி போல ஆகும் வரை வதக்குங்கள். சிவக்கவிட வேண்டாம், ஸ்டூ வெள்ளையாக இருந்தால்தான் அழகு. சிக்கனையும் பாதி உப்பையும் போட்டு, மேல்பக்கம் வெளுக்கும் வரை மூன்று நிமிடம் பிரட்டுங்கள்.

பிறகு பிரஷர்: ஊறிய பருப்பையும் 400 மி.லி தண்ணீரையும் ஊற்றி, மூடி, வெயிட் போடுங்கள். மிதமான தீயில் இரண்டு விசில். அதன்பின் தீயைக் குறைத்து மூன்று நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள். பிரஷர் தானாக அடங்கட்டும்.

காய் நறுக்கும் நேரம் இதுதான்: குக்கர் தன் வேலையைப் பார்க்கும் அந்தப் பதினைந்து, பதினெட்டு நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. கேரட்டும் பீன்ஸும் விரல் பருமனில். சௌசௌவும் பரங்கியும் சற்றுப் பெரிய சதுரங்களாக. முட்டைகோஸ் அகலத் துண்டுகளாக. கீரையை உருவி அலசிவையுங்கள். வெங்காயத்திலிருந்து கீரை வரை எல்லாவற்றையும் முதலிலேயே நறுக்கி அடுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பதால்தான் பல வீடுகளில் சமையல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வேலையின் வரிசையை மாற்றினால் கால் மணி நேரம் மிச்சம்!

கடைசி பன்னிரண்டு நிமிடம்: பிரஷர் முழுக்க அடங்கியபின் மூடியைத் திறந்து மறுபடி அடுப்பைப் பற்றவையுங்கள். ஒரு டம்ளர் வெந்நீர், மீதி உப்பு, கேரட், பீன்ஸ், பட்டாணி, சௌசௌ சேருங்கள். இனி பிரஷர் வேண்டாம். மேலே ஒரு தட்டு போட்டு மூடினால் போதும். ஐந்து நிமிடம் கழித்துப் பரங்கியும் முட்டைகோஸும். அதற்கு நான்கு நிமிடம் கழித்து முருங்கைக்கீரை. இரண்டு நிமிடத்தில் கீரை வெந்துவிடும். தீயை நன்றாகக் குறைத்து தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கூடும்போதே அணைத்து, தட்டிய மிளகையும் மீதிக் கறிவேப்பிலையையும் தூவி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மிளகு வாசனை கூடம் வரை போகும்.

ஏன் இரண்டு கட்டம்?

'எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூணு விசில் விட்டா ஆகாதா?' என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால், வருவது ஸ்டூ அல்ல, கூழ்!

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பிரஷர் குக்கருக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால், வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். எலும்போடு இருக்கும் கோழிக்கும் பருப்புக்கும் அது நல்லது. அதே வெப்பத்தில் பீன்ஸ் பச்சை மங்கி, பரங்கி கரைந்து, கீரை கறுத்துவிடும். அடுத்த முறை பிள்ளைகள் காயை ஒதுக்குவதற்கு அந்தக் கொழகொழப்பே போதும். காய் சாப்பிட வேண்டும் என்றால், அது காயாகத் தெரிய வேண்டும். கடித்தால் காயாகவும் இருக்க வேண்டும்.

சத்துக் கணக்கிலும் இது சரியாக வருகிறது. வைட்டமின் சி, பி வகை வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், கரைந்ததும் அதோடு போய்விடும். ஸ்டூவில் எதையும் வடிப்பதில்லை. சூட்டில் கொஞ்சம் இழப்பு இருந்தாலும், தண்ணீரில் இறங்கியது குழம்பாக நம் தட்டுக்கே வருகிறது.

தேங்காய்ப்பாலை ஏன் கடைசியில் ஊற்றச் சொல்கிறோம்? அது கொழுப்பும் நீரும் கலந்து நிற்கும் கலவை. தளபுளவென்று கொதித்தால் இரண்டும் பிரிந்து திரிந்ததுபோல ஆகும். ருசி கெடாது, பார்க்க நன்றாக இருக்காது. இந்த ரெசிப்பியில் ஏற்கெனவே பாசிப்பருப்பு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடுவதால், தேங்காய்ப்பால் குறைவாகவே போதும்.

ஒரு கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வெங்காயத்தைச் சேர்க்காமலேயே இதில் இருக்கும் காய், கீரை 550 கிராம். மூன்று பேருக்குப் பிரித்தால் தலா 180 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்குத் தேவையான 400 கிராமில் கிட்டத்தட்ட பாதி, ஒரே வேளையில்!

எலும்போடு 400 கிராம் வாங்கினால், கறி சுமார் 270 கிராம் தேறும். 100 கிராம் கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், பருப்பையும் சேர்த்து ஆளுக்கு 20 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐ.சி.எம்.ஆர் பரிந்துரைப்பது சுமார் 50 கிராம். ஐந்தில் இரண்டு பங்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதில் மொத்தமே ஒரு டீஸ்பூன்தான். ஆளுக்கு இரண்டு கிராம் வரும். சப்பென்று இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய் மூன்றும் அந்த இடத்தை நிரப்பிவிடும். பரிமாறும்போது அரை எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

'மூணு பேருக்கு 400 கிராம் கோழி போதுமா?' என்று வீட்டில் முணுமுணுப்பு வரலாம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் கணக்கு வேறு, வாரநாள் கணக்கு வேறு. கோழி குறைந்தால் செலவு குறையும், வேகும் நேரம் குறையும், காய்க்கு இடம் கிடைக்கும். இந்த ரெசிப்பியில் எதை மாற்றினாலும், கோழியைவிடக் காய் அதிகம் என்ற ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

தொட்டுக்கொள்ள... இல்லை, இதைத் தொட்டு எதைச் சாப்பிடுவது?

இடியாப்பம், ஆப்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் தோசை. இல்லையா? இரண்டு துண்டு பிரெட். ஒரு உருளைக்கிழங்கைச் சேர்த்து வேகவைத்தால், வேறெதுவும் இல்லாமல் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனில் சாப்பிடலாம். உருளைக்கிழங்கை அந்த நேரத்தில் சாதத்தின் கணக்கில் வையுங்கள், காய்க் கணக்கில் அல்ல.

சாதம்தான் வேண்டும் என்றால், அதையும் இதே குக்கரில் முடிக்கலாம். சிக்கனுக்கு மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, அரை மணி நேரம் ஊறிய ஒரு கப் பச்சரிசியை இரண்டு கப் தண்ணீருடன் ஒரு சின்ன டப்பாவில் ஏற்றிவிடுங்கள். சிக்கன் வேகும் நேரத்திலேயே சாதமும் வெந்துவிடும். புழுங்கலரிசிக்கு இது போதாது. ஒரு பாத்திரத்துக்குள் அடுக்கடுக்காகச் சமைக்கும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வங்காளத்தைச் சேர்ந்த டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 1910-ல் உருவாக்கிய 'இக்மிக் குக்கர்', அடுக்குப் பாத்திரங்களில் சாதம், பருப்பு, கறி எல்லாவற்றையும் ஒரே அடுப்பு நீராவியில் வேகவைத்தது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் இருக்கிறது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்குத் தனிச் சமையல் தேவையில்லை. இதே ஸ்டூவை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றி, சாதத்தைப் பாதியாகக் குறையுங்கள். முதலில் காயையும் கறியையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்குப் போகச் சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்னையோ இதயப் பிரச்னையோ இருப்பவர்கள், புரதம், உப்பு அளவை அவர்களின் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

குக்கர் இல்லாத அறைக்கு...

வாடகை அறையில் கேஸ் கிடையாது, எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் மட்டும்தான் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வெங்காயம், இஞ்சி, பூண்டு, சிக்கன், ஊறிய பருப்பு, மூன்று கப் தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு 'குக்' பட்டனை அழுத்துங்கள். கொதி வந்ததிலிருந்து 25 நிமிடம் வேகட்டும். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். பிறகு காய்களை அதே வரிசையில் சேருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், அடிப்பாகம் அதற்கு ஏற்றதா என்று பார்த்துக் குக்கர் வாங்குங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அளவை மூன்றில் ஒன்றாக்க வேண்டாம், பாதியாக்குங்கள். மிச்சம் மறுநாளுக்கு ஆகும்.

வெள்ளிக்கிழமை, புரட்டாசி, மார்கழி, ஆனித் திருமஞ்சனம் என்று அசைவம் சேர்க்காத நாள்கள் இந்த ஊரில் நிறைய. அன்றைக்கு சிக்கன் இடத்தில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் (நான்கைந்து விசில் கூடுதலாக), அல்லது காளான் 200 கிராம் (விசிலே வேண்டாம், காயோடு சேர்க்கலாம்). பண்ருட்டிப் பக்கம் பலா வரும் காலத்தில் பிஞ்சுப் பலாக்காய்த் துண்டுகளைப் போட்டால், கறி என்றே நம்புபவர்களும் உண்டு. ஆனால், பலாக்காயில் கோழி அளவுக்குப் புரதம் கிடையாது. பாசிப்பருப்பை இரண்டு மடங்காக்கிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கோழியைக் குழாயடியில் நேராகப் பிடித்துக் கழுவும்போது, தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகளும் சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் காய் மீதெல்லாம் பரவும். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் அலசுங்கள். பிறகு சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் அப்படியே காய் நறுக்க வேண்டாம்.

கோழியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாதுகாப்பாக வெந்தது என்று கணக்கு. குக்கர் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். ரைஸ் குக்கரில் செய்பவர்கள், எலும்பை ஒட்டிய இடத்தில் இளஞ்சிவப்பு இல்லாததையும் கறி எலும்பிலிருந்து எளிதாகக் கழல்வதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கடலோர ஊரின் புழுக்கத்தில் 'காலையில பாத்துக்கலாம்' என்று அடுப்பு மேலேயே விடக் கூடாது, அதிலும் தேங்காய்ப்பால் சேர்த்ததை. மறுநாள் மதியம் டப்பாவில் எடுத்துப்போவதாக இருந்தால், அந்தப் பங்கைத் தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கு முன்பே தனியாக எடுத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தபின் எடுத்துச் செல்லுங்கள்.

கோழி பற்றி எழுதும்போதெல்லாம் வரும் கேள்வி ஒன்று: 'பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே?' பிராய்லர் வேகமாக வளர்வதற்குக் காரணம் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் தீவனமும்தான். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கண்டபடி பயன்படுத்துவதைப் பற்றி. அதனால்தான், மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடைவிதித்தது. நாட்டுக்கோழிதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால், அது வேக ஆறேழு விசிலாவது ஆகும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஏதாவது ஒரு நாள், வீடு திரும்பும் வழியில் 400 கிராம் கோழியும் கைக்குக் கிடைத்த ஏழு காயும் வாங்கிச் செய்துபாருங்கள். உங்கள் பக்கத்தில் கிடைத்த காய் என்னென்ன, எதை எப்போது சேர்த்தீர்கள், குக்கரை யார் கழுவினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம், அரிசி சேர்க்காமல் ஒரே கடாயில் முடியும் சிறுதானியக் கிச்சடியோடு சந்திப்போம்!